காடவராயர் பட்டமும் அதன் முடிவும்

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். இங்குள்ள பழமலைநாதர் கோயிலில் சக ஆண்டு 1108-ஐச் (கி.பி. 1186) சேர்ந்த கல்வெட்டுப் பாடல் ஒன்று, காடவராயர் குடியின் தலைமுறைகளை வரிசையாகச் சொல்கிறது. ஏழிசைமோகன், அரசநாராயணன், வீரசேகரன் என்று ஆளுக்கு ஆள் பெயர் மாறினாலும் ‘காடவராயன்’ என்ற பட்டம் மாறவில்லை.

பல்லவர் வழி வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்ட இக்குடியினர் சோழருக்கு அடங்கிய சிற்றரசர்கள். பட்டம் குடிவழியாகவே வந்தது. ஆனால் அதற்கு முன்னால் பேரரசனின் பெயரும் நின்றது. ஏழிசைமோகன் ‘குலோத்துங்க சோழக் காடவராயன்’ எனப்பட்டான். கல்வெட்டுகளும் சோழ மன்னனின் ஆட்சியாண்டையே குறித்தன.

இந்த ஒழுங்கை உடைத்தவன் முதலாம் கோப்பெருஞ்சிங்கன். 1231-ஐ ஒட்டி மூன்றாம் ராஜராஜனைத் தெள்ளாற்றில் வென்று, கெடிலக்கரையிலுள்ள சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். சோழனை மீட்க ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன், அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்னும் தண்டநாயகர் (படைத்தலைவர்) இருவரை அனுப்பினான். திருவகீந்திரபுரக் கல்வெட்டு இப்படையெடுப்பை ஊர் ஊராக விவரிக்கிறது: காடவனின் ஊர்களை அழித்தார்கள், இடையே தில்லைப் பொன்னம்பலத்தில் வழிபட்டார்கள், பிறகு சேந்தமங்கலத்தை நெருங்கினார்கள். முற்றுகைக்கு அஞ்சிய கோப்பெருஞ்சிங்கன் சோழனை விடுவித்தான். நாடு மட்டும் அவன் கையிலேயே இருந்தது.

இங்கிலாந்தில் இதே நூற்றாண்டில் ஏறக்குறைய இதே குற்றத்துக்கு வேறு முடிவு கிடைத்தது. லெஸ்டர் பிரபு சைமன் டி மான்ட்ஃபர்ட், 1264-இல் மன்னன் மூன்றாம் ஹென்றியைச் சிறைபிடித்தான். மறு ஆண்டே ஈவ்ஷாம் போரில் மாண்டான். அவனுடைய நிலமும் பட்டமும் பறிக்கப்பட்டு, மன்னனின் இளைய மகன் எட்மண்டுக்குத் தரப்பட்டன. சைமனின் மக்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அங்கே பட்டம் அரசன் கொடுத்த சொத்து. குடி மாறினாலும் பட்டம் நீடித்தது. காடவர் பட்டமோ குடியோடு ஒட்டியது. வேறொருவருக்கு மாற்றித் தர முடியாதது. நாட்டைப் பறிக்க வேண்டுமானால் படை கொண்டுதான் பறிக்க வேண்டும்.

1243-இல் பட்டமேறிய இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் ‘சகலபுவனச் சக்கரவர்த்தி’ என்ற பெயரில் தன் ஆட்சியாண்டையே கல்வெட்டுகளில் பொறித்தான். 1251-இல் முடிசூடிய சடையவர்மன் சுந்தரபாண்டியன், அவன் அனுப்பிய திறையை ஏற்காமல் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டான். யானை, குதிரை, பொருள் யாவற்றையும் கவர்ந்தபின் நாட்டை அவனிடமே திருப்பித் தந்தான் என்கிறது பாண்டியனின் மெய்க்கீர்த்தி. திருப்பித் தந்தது மேலாண்மையை ஏற்கவைக்கும் வழி; காடவன் அதன்பின் பாண்டியனுக்கு அடங்கியவனானான்.

அவனுடைய கல்வெட்டுகள் 1279 வரை, 36-ஆம் ஆட்சியாண்டு வரை, கிடைக்கின்றன. அதன்பின் காடவர் ஆட்சியாண்டில் கல்வெட்டு எழுதும் வழக்கம் நின்றது. நாடு மாறவர்மன் குலசேகரபாண்டியனின் ஆட்சிக்குள் அடங்கியது.