கருவியும் உரிமையும்: சூரியா இசைத்தட்டுகள் உணர்த்தும் பாடம்

இசையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பாடகரைப் பற்றியும் இராகத்தைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். பாட்டைப் பதிவு செய்து விற்கும் உரிமை யார் கையில் இருந்தது என்று வினவியோர் மிகச் சிலரே. ஆயினும் கடந்த ஒரு நூற்றாண்டில் எந்தப் பாட்டு நிலைத்தது, எந்தப் பாட்டு மறைந்தது என்பதைத் தீர்மானித்ததில் கலைஞனின் ஆற்றலுக்கு எவ்வளவு பங்குண்டோ, அந்த உரிமைக்கும் அவ்வளவு பங்குண்டு. மின்னிசை என்பது இசையே அன்று, அது வெறும் இயந்திர இரைச்சல் என்று பாடசாலை ஆசிரியர் அறைகளில் இன்றும் வழங்கும் தீர்ப்பை நாம் இந்த உண்மையின் ஒளியிலேயே ஆராய வேண்டும்.

பிரித்தானிய கிராமபோன் கம்பனி 1908இல் கல்கத்தாவில் தொழிற்சாலை அமைத்தது. நாய் முத்திரை பொறித்த அதன் தட்டுகள் இந்தியத் துணைக்கண்டம் எங்கும் பரவின. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே அடங்கும். ஆகவே விரிந்து செல்லும் ஆலாபனையும் அந்த அளவுக்குள் சுருங்க நேர்ந்தது. எதைப் பதிவு செய்வது என்பதை இலாபக் கணக்கே முடிவு செய்தது. இலங்கையர் பாடிய பாடல்களும் நெடுங்காலம் அந்நியக் கம்பனிகளின் முத்திரையோடேயே கடைக்கு வந்தன.

கம்பனிக்கு அடுத்த அதிகாரம் வானொலி. 1952இல் இலங்கை வானொலிக் கலைஞரைத் தரம் பிரிப்பதற்கு வட இந்தியப் பண்டிதர் எஸ். என். ரத்தன்ஜன்கர் அழைக்கப்பட்டார். ஹிந்துஸ்தானி இசையே அளவுகோலாயிற்று. சிங்கள மொழியின் ஓசைக்கு இசைந்த எளிய மெட்டுகளை நாடிய சுனில் சாந்த அந்தத் தேர்வுக்குத் தோன்ற மறுத்தார். அதன் விலையாக வானொலி வாய்ப்பை இழந்தார். மக்களின் இசைக்கு மதிப்பெண் போடும் உரிமை யாருக்குண்டு என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் 1960களின் பிற்பகுதியில் ஜெரால்ட் விக்கிரமசூரிய தொடங்கிய 'சூரியா' என்னும் சிறு இசைத்தட்டு நிறுவனத்தின் பணியை மதிப்பிட வேண்டும். 1966இல் விஜய கொரயா வானொலியில் அறிமுகம் செய்த 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவினர், கிளாரன்ஸ் விஜேவர்தன, அனஸ்லி மாலேவன, இந்திராணி பெரேரா முதலியோரின் குரல்கள் சூரியாத் தட்டுகளில் ஏறின. கிளாரன்ஸ் மின் கிற்றாரைக் கையில் எடுத்தார்; ஆனால் அதில் அவர் மீட்டியவை சிங்களக் கிராமத்தான் முணுமுணுக்கக் கூடிய மெட்டுகள். மேனாட்டுக் கருவி வந்ததால் நாட்டு மெட்டு அழிந்துபோகவில்லை. புதிய தலைமுறை அந்த மெட்டைத் தேடி வந்தது. பண்டிதர் முகஞ்சுளித்தனர். ஒரு பெரிய கம்பனி அந்த முகச்சுளிப்புக்கு அஞ்சியிருக்கலாம்; சிறு நிறுவனம் அஞ்சவில்லை.

மின் கிற்றாரில் கம்பி அதிர்கிறது. அந்த அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்னோட்டமாக்குகின்றன. மின்னணு இசைக் கருவியிலோ கம்பியும் இல்லை. மின்சுற்றே அலையை எழுப்புகிறது. இது அடுத்த படி. ஆசியாவில் இப்படியைத் தொட்ட தொடக்க முயற்சிகளுள் ஒன்று அகமதாபாத்தில் நிகழ்ந்தது. அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடரின் துணையோடு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர் அங்கு 1972 வரை ஒலி நாடாக்களை உருவாக்கினர். அவை பல்லாண்டுகள் அலுமாரியில் உறங்கின. ஆய்வாளர் போல் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்த பின்னர், 2023இல் இலண்டனிலுள்ள சுதந்திர நிறுவனம் ஒன்றே அவற்றை இசைத்தட்டாக்கியது.

இன்னொரு சான்றும் உண்டு. பம்பாய்த் திரைப்படக் குழுக்களில் வாசித்துப் பிழைத்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்ட் கம்பனியின் மூன்று மின்னணுக் கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை நடனத் தாளத்தில் வாசித்தார். நாய் முத்திரைக் கம்பனியே அதை வெளியிட்டது. விற்பனை சூடுபிடிக்காமையால் தட்டு மறக்கப்பட்டது. 2010இல் நெதர்லாந்தின் 'பொம்பே கனெக்சன்' என்னும் சிறு நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டபோது உலகம் வியந்தது. அமெரிக்காவின் சிக்காகோ நகரத்துக் கறுப்பின இளைஞர் அதே கருவிகளுள் சிலவற்றால் 1980களின் பிற்பகுதியில் படைத்த நடன இசையின் சாயல் அதில் முன்னதாகவே இருந்தது.

மின்னிசையை வெறுப்போருக்கு நாம் முதலில் பரிந்துரைப்பது இந்தத் தட்டையே. அதிலுள்ள யமனில் நமது கல்யாணியையும், பூபாலியில் மோகனத்தையும், மால்கௌன்ஸில் இந்தோளத்தையும் கேட்கலாம். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுகிச் செல்லும் ஆற்றல் அக்கருவிக்கு இருப்பதால் இராகத்தின் வளைவுகள் முற்றாகச் சிதையவில்லை. அடுத்து அகமதாபாத் நாடாக்களைக் கேட்க வேண்டும். அவை எளிதில் இனிக்கா, எனினும் ஒலியைப் பற்றிச் சிந்திக்க வைக்கும். மூன்றாவதாகச் சூரியாத் தட்டுகள். சிங்களம் அறியாத தமிழ் மாணவனுக்கும் அந்த மெட்டுகள் அந்நியமாகா.

ஆனால் இந்த இடத்தில் நம்மை நாமே ஒரு வினா வினவ வேண்டியுள்ளது. நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழைப் பொப்பிசையில் ஏற்றினார். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து 1977இல் தமிழ்நாட்டுத் திரைப்படம் ஒன்றிலும் ஒலித்தது. இலங்கை வானொலியின் தமிழ் மெல்லிசையை வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் மாலைதோறும் கேட்டன. தட்டில் ஏறியது ஓரளவு தப்பியது. அலையில் மட்டும் மிதந்தது கேட்டவரின் நினைவோடு போயிற்று. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரத்தில் ஒலிநாடாப் பேழைகள் மலிந்தன, இசைத்தட்டு வணிகம் சரிந்தது. 1983 ஆடியில் கொழும்புத் தமிழரின் வீடுகள் எரிந்தபோது அவற்றோடு எரிந்தவற்றுக்குப் பட்டியல் இல்லை. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்துக்காவது எரிந்த நூல்களின் தொகை சொல்ல முடிகிறது.

ஹெவ்லொக் டவுன் ஸ்கெல்ட்டன் வீதியில் 2016இல் சூரியாவின் பெயரால் ஓர் இசை இல்லம் திறக்கப்பட்டது. ஒரு குடும்பம் தன் முன்னோர் வெளியிட்ட தட்டுகளின் மரபைப் போற்றியதால் அது கைகூடிற்று. பொறாமைப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. பின்பற்றுவதற்கு நிறைய உண்டு. சிங்களத் தோழர் தம் இசையைக் காத்த முறையிலேயே நாமும் நமதைக் காக்கலாம். இருவரும் சேர்ந்தே அதைச் செய்யக்கூடின் இன்னும் நன்று.

கருவி எவ்வர்க்கத்தையும் சார்ந்ததன்று. அதை ஆள்பவர் யார், அதில் பிறந்ததைக் காப்பவர் யார் என்பதே வினா. ஆகவே ஆசிரியர்களும் மாணவர்களும் இன்றே தொடங்கக்கூடிய பணி ஒன்றுண்டு. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய தட்டையும் நாடாவையும் தேடி எடுங்கள். பாடியவர், இசையமைத்தவர், வெளியிட்டவர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். வானொலியில் பாடிய முதியோர் உங்கள் தெருவில் இருப்பின் அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்யுங்கள். இதற்குக் கம்பனி வேண்டியதில்லை, பண்டிதரின் மதிப்பெண்ணும் வேண்டியதில்லை. பாடியவர்கள் உயிரோடிருக்கும் காலம் மட்டுமே நம்மிடம் குறைவாக உள்ளது.