ஒரு டோக்கனும் பல செயலிகளும்

பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கித் தேவிகுளத்திலும் தமிழ்வழி பயிலும் நம் பிள்ளைகள் பள்ளியில் பழகுவது லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் அதனைத் தொடங்கியபோது ஒரே செயலியுடைய கணிப்பொறிக்கென்றே எழுதினார். 1996 சூன் திங்களில் வெளிவந்த இரண்டாம் பதிப்பே பல செயலிகளை ஏற்றது.

ஏற்ற முறையோ நம்மவர்க்குப் பழகியது. பழைய ஒற்றைப் பாதையில் டோக்கன் பெற்ற வண்டியே அடுத்த நிலையத்துக்குப் புறப்படும். அவ்வாறே, இயங்குதளத்தின் உட்கருவினுள் நுழைய ஒரே பூட்டு வைத்தனர். வெளியே செயலிகள் தத்தம் கணக்கை ஒருங்கே செய்யலாம். கோப்பைத் திறக்கவோ செய்தி அனுப்பவோ உள்ளே செல்ல வேண்டின், ஒன்று நுழைய ஏனையவை வாயிலில் நிற்கும். மோதல் நேராது, வேகமும் வாராது.

பின்னர் அப்பெரும்பூட்டைச் சிறு பூட்டுகளாகப் பிரித்தனர். 2002-இல், படிப்போர்க்குப் பூட்டே வேண்டாத முறையொன்றும் சேர்ந்தது. புதிய கால அட்டவணையை ஒட்டிவிட்டு, பழையதைப் படித்து நிற்போர் அகன்றபின் அதனைக் கிழித்தெறிவது போன்றது அது. அமெரிக்காவில் பால் மெக்கென்னியும் ஜாக் ஸ்லிங்வைனும் வகுத்த அம்முறையை லினக்ஸில் சேர்க்க, பெங்களூரில் அமர்ந்து உழைத்தவர் தீபங்கர் சர்மா. மூலநிரல் திறந்து கிடந்தமையாலன்றோ அது கூடிற்று!

பெரும்பூட்டின் கடைசிச் சுவடு 2011 மே திங்களில், 2.6.39-ஆம் பதிப்பில் நீங்கிற்று. ஒரு டோக்கனை ஒழிக்கப் பதினைந்து ஆண்டுகள். ரயில்வேயில் இருப்பவனுக்கு இது வியப்பன்று.