தொழுநோய்க் கிருமிக்குத் தமிழ்நாட்டின் பெயர்

திருநெல்வேலிச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் எண்பலகையில் 'டி.என்.' என்ற இரண்டு எழுத்துகளை நாள்தோறும் பார்க்கிறீர்கள். அவை தமிழ்நாட்டைக் குறிப்பவை. அதே எழுத்துகள் உலக ஆராய்ச்சிக் கூடங்களில் ஒரு கிருமியின் பெயராகவும் வழங்குகின்றன என்பதை அறிவீர்களா? தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்ட தொழுநோய்க் கிருமி அது. தொழுநோய்க் கிருமிகளுள் முழு மரபுச் செய்தியும் முதன்முதலில் படித்து முடிக்கப்பட்டது அதுவே. அப்பணியை முன்நின்று நடத்தியவர் ஸ்டூவர்ட் கோல் என்னும் அறிஞர்.

தொழுநோய் முற்பிறவிப் பாவம் என்றும், குலவழி வருவது என்றும் மக்கள் நம்பி வந்தனர். 1873-ஆம் ஆண்டில் நார்வே மருத்துவர் ஹான்சன், அது ஒரு நுண்ணுயிரால் வருவது என்று கண்டார். ஆனால் அந்தக் கிருமியை ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் இன்றுவரை எவராலும் வளர்க்க முடியவில்லை. 1960-இல் எலியின் பாதத்திலும், 1971-இல் ஆர்மடில்லோ என்னும் ஓடு போர்த்த அமெரிக்க விலங்கிலும் வளர்த்தார்கள். ஏன் அந்த விலங்கு? அதன் உடல் வெப்பநிலை நம்முடையதைவிடக் குறைவு. குளிர்ந்த இடமே இக்கிருமிக்கு ஏற்றது. நம் உடலிலும் அது தோலையும், தோலை ஒட்டிய நரம்புகளையுமே பற்றுவதற்கு இதுவே காரணம்.

பிரிட்டனைச் சேர்ந்த கோல், 1983-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். காசநோய்க் கிருமி ஐசோனியாசிட் மருந்துக்கு எவ்வாறு தப்புகிறது என்பதை 1992-இல் அவரும் உடன் உழைத்தவர்களும் மரபணு வழியாக விளக்கினர். 1998-இல் காசநோய்க் கிருமியின் மரபுச் செய்தி முழுவதும் வெளியாயிற்று: சுமார் 44 லட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 4,000 மரபணுக்கள்.

அடுத்து, 2001-இல் 'டி.என்.' கிருமியின் செய்தி வெளிவந்தது. அதில் இருந்தவை சுமார் 33 லட்சம் எழுத்துகளே. வேலை செய்யும் மரபணுக்கள் 1,604. செயலிழந்து கிடந்தவை 1,116!

தாமிரபரணிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தேவை உள்ளவரை வாய்க்காலைத் தூர்வாரிக் காப்பார்கள். வேறு வழியில் நீர் வந்துவிட்டால் அதை எவரும் கவனிப்பதில்லை. கரை சரிந்து தடம் மட்டும் எஞ்சும். தொழுநோய்க் கிருமியின் கதையும் இதுதான். வேண்டியவற்றையெல்லாம் மனித உயிரணுவே தந்ததால், தானே உண்டாக்கிக் கொள்ளும் திறன்களை அது ஒவ்வொன்றாக இழந்தது. கண்ணாடித் தட்டில் அது வளராததன் காரணமும் இதிலிருந்து புலனாகிறது அல்லவா?

இந்த அறிவால் நோயாளிக்கு என்ன பயன்? ஒரு மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்று அறிய, மருந்துடன் சேர்த்து அதை வளர்த்துப் பார்ப்பது வழக்கம். தட்டில் வளராத தொழுநோய்க் கிருமியை எலியின் பாதத்தில் வளர்த்துச் சோதிக்கப் பல மாதங்கள் ஆகும். இப்போது ரிஃபாம்பிசின், டாப்சோன் போன்ற மருந்துகளோடு தொடர்புடைய மரபணுக்களை மட்டும் படித்தே அதை விரைவில் சொல்லிவிடலாம்.

2005-இல் கோலின் குழு பல நாடுகளின் கிருமிகளை ஒப்பிட்டது. வேறுபாடுகள் மிகச் சிலவே. மனிதர் குடிபெயர்ந்த வழிகளிலேயே கிருமியும் சென்றிருக்கிறது என்று அவர்கள் காட்டினர். பின்னர் 2018 முதல் 2023 வரை பாஸ்டர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பைக் கோல் வகித்தார்.

ஆக, நாம் நூற்றாண்டுகளாக அஞ்சியது பெரிதும் முடமான ஒரு கிருமியை. பெரும்பாலோரின் உடல் அதை இயல்பாகவே எதிர்த்துவிடும். ஆனால் நம் அச்சத்துக்குத்தான் வலிமை அதிகம். தொழுநோயாளரை ஒதுக்கி அடைக்க வகை செய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம், 'டி.என்.' படிக்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோரும் வழி 2019-இல்தான் அடைபட்டது.

சட்டம் மாறினாலும் வீட்டுத் திண்ணைப் பேச்சு மாற வேண்டுமே! தோலில் உணர்ச்சியற்ற, வெளிறிய அல்லது சிவந்த தேமல் கண்டால், மறைக்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லச் சொல்லுங்கள். கூட்டு மருந்து இலவசம். 6 அல்லது 12 மாதங்களில் நோய் குணமாகும். தொடக்கத்திலேயே உண்டால் விரல்களும் கண்களும் காக்கப்படும். காலம் தாழ்ந்து கெட்டுப்போன நரம்பை மீட்பது அரிது.