பரண் மேல் ஒரு பட்ஜெட்

உங்கள் வீட்டுப் பரணில் பித்தளை அண்டா ஏதாவது கிடக்கிறதா? கிடந்தால் ஸ்டூல் போட்டு ஏறி, இறக்கிப் பாருங்கள். தூக்கும்போதே தெரியும்... என்னா கனம்! கழுத்துப் பக்கம் துடைத்தால், புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர் இருக்கும். கல்யாணச் சீராக வந்த அண்டா.

உங்கள் பூர்வீக வீட்டின் கூரையைப் போட்டதே இந்த அண்டாவாக இருக்கலாம் என்று சொன்னால், சிரிக்காமல் கொஞ்சம் கேளுங்கள்.

திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற ரோட்டில் வருகிறது அனுப்பர்பாளையம். சுற்றிலும் பனியன் கம்பெனி, தையல் மெஷின் சத்தம். இந்த ஊருக்குள் நுழைந்தால் மட்டும் சத்தம் வேறு. டங்... டங்... டங். சுத்தியல்! தலைமுறை தலைமுறையாகப் பாத்திரம் செய்கிற ஊர் இது. பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, காய்ச்சி, தட்டி, குடத்தின் மேல்பாதியைத் தனியாகவும் அடிப்பாதியைத் தனியாகவும் செய்து, இரண்டையும் பற்றவைத்து, மறுபடியும் தட்டி மெருகேற்றுவார்கள். கொங்கு நாட்டுக் கல்யாண வீடுகளுக்கு அண்டா, குடம், குத்துப்போணி எல்லாம் இப்படிப்பட்ட பட்டறைகளில் இருந்துதான் போயின.

இந்தப் பாத்திரங்களில் முக்கியமான சங்கதி, எடை. பித்தளை எடை போட்டு விற்கப்படும். நாளைக்கே பணமுடை வந்தால், எடை போட்டே திரும்ப வாங்கவும் ஆள் உண்டு. அதனால் அது சமையல்கட்டில் உட்கார்ந்திருந்த சேமிப்புக் கணக்கு! பாஸ்புக் கிடையாது, மேனேஜர் கிடையாது. கழுத்தில் வெட்டிய பெயர்தான் அக்கவுன்ட் நம்பர்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்தின ஒரு சித்திரை மாதம். மழைக்காலத்துக்கு முன்னால் கூரையைச் சரிபண்ணியாக வேண்டும். திண்ணையில் யோசனையாக உட்கார்ந்திருக்கிறார் வீட்டுக்காரர். உள்ளே இருந்து குரல் வருகிறது: "ஏனுங்க, அந்தப் பெரிய அண்டாவ எடுத்துக்கிட்டுப் போங்க. கருது அறுத்ததும் மூட்டுக்கலாம்."

நகையை வைப்பதற்கு முந்தின படி இது. நகை என்றால் நாலு பேருக்குத் தெரியும். அண்டா காணாமல் போனால் அடுப்பங்கரைக்குள் வந்தவருக்கு மட்டும்தான் தெரியும்! அடகு பிடிக்கிறவர்களை முறைப்படுத்த இங்கே 1943-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்பதை வைத்து, இந்தப் பழக்கம் எவ்வளவு பரவலாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையில் ஒரு அழகு உண்டு. அண்டாவின் எடைக்கு மேல் கடன் கிடைக்காது. கடன் கிடைக்காததால் வேலையும் அதற்கு மேல் நீளாது. இந்த வருஷம் கூரை. அடுத்த வெள்ளாமைக்குத் தரை. பொண்ணு கல்யாணத்துக்கு முன்னால் சுவருக்கு வெள்ளை. ஒரே மூச்சில் வீட்டைப் புதுசாக்குகிற எண்ணமே யாருக்கும் வந்திருக்காது. வந்தாலும் கொடுக்க ஆள் இல்லை.

சரி, கூரை ஏன் முதலில்?

ஓலைக் கூரையை ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றி மேய வேண்டும். நெருப்புப் பயம் வேறு. அதற்கு அடுத்த படி நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் பிறந்த, உள்ளங்கை போல் வளைந்த ஓடு. பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அடுக்கு அடுக்காக நெருக்கி வைக்க வேண்டும். கனமோ கனம். அந்தக் கனத்தைத் தாங்க மரமும் அதிகம் வேண்டும். பூனை ஓடினால் ஓடு நகரும். நகர்ந்தால் ஒழுகும். மழைக்கு முன்னால் ஆள் வைத்து ஓடு பிரித்து மாற்றுவது பல வீடுகளில் வருஷச் செலவு.

இந்தக் கணக்கை மாற்றியது, யாரும் எதிர்பார்க்காத ஒரு கூட்டம். பாதிரிமார்கள்!

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து 1834-ல் மங்களூருக்கு வந்தது பாசல் மிஷன். மதம் மாறியவர்களைச் சாதிசனம் ஒதுக்கி வைத்துவிடும், பிழைப்பு போய்விடும். அவர்களுக்கு வேலை கொடுத்தாக வேண்டுமே! நெசவு, அச்சகம் என்று ஒவ்வொன்றாக முயன்றார்கள். 1865-ல் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற மிஷனரி, மங்களூரின் ஜெப்பு பகுதியில் நேத்ராவதி ஆற்றுக் களிமண்ணைக் கொண்டு ஓட்டுத் தொழிற்சாலையை ஆரம்பித்தார். அச்சில் அழுத்திய தட்டை ஓடு. ஓரத்தில் பள்ளமும் மேடும் வைத்து, ஒன்றின் காதில் இன்னொன்று மாட்டிக்கொள்கிற மாதிரி ஏற்பாடு. நம் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர்தான் சீமை ஓடு.

மங்களூர்ச் சரக்கு கொங்கு நாட்டுக்கு எப்படி வந்தது? மிஷன் தன் தொழிற்சாலைகளைக் கேரளக் கரையிலும் திறந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் திறந்தார்கள். சென்னையிலிருந்து கள்ளிக்கோட்டை பக்கத்துப் பேப்பூர் வரை 1862-லேயே ரயில் பாதை போட்டாகிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தப் பாதை கோயமுத்தூர் சீமையைத் தாண்டித்தான் போகிறது. திருப்பூர் அதில் ஒரு ஸ்டேஷன். மேற்கே களிமண், கிழக்கே கூரை, நடுவில் தண்டவாளம். அப்புறம் என்ன!

சீமை ஓட்டின் மகிமையே, அதை எண்ணிவிடலாம் என்பதுதான். கூரைப் பரப்பில் ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, ஏறக்குறைய 150 ஓடு. பத்துக்கு இருபது அறை என்றால் சரிவையும் சேர்த்து இரண்டே கால் சதுரம் வரும். 340 ஓடு, உடைசலுக்கு இருபது சேர்த்து 360. இவ்வளவுதான். வண்டிக்காரருக்கு எவ்வளவு, தச்சருக்கு எவ்வளவு என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே விரல்விட்டுக் கணக்குப் போடலாம். எந்த அண்டா போதும், கூடவே குடமும் போக வேண்டுமா என்பது வீட்டுக்காரம்மாவுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அதோடு, ஓலையைத் தாங்கிய பனங்கைகள் நல்லபடியாக இருந்தால் அவற்றையே திரும்பப் போடுவார்கள். கழற்றிய நாட்டு ஓடு வீணாகாது. மாட்டுக் கொட்டகைக்குப் போகும். பழையது எதுவும் குப்பைக்குப் போனதில்லை. அதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரவுப் பத்தி இருந்தது!

சிமெண்ட்டும் பக்கத்திலேயே வந்துவிட்டது. 1934-ல் கோயமுத்தூரை ஒட்டிய மதுக்கரையில் தொழிற்சாலை. ஆனால் சுதந்திரத்துக்குப் பின் வெகுகாலம் சிமெண்ட்டின் விலையும் விநியோகமும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. பர்மிட்டுக்கு அலைந்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், ஒரு நாள் முழுக்கச் சொல்வார்கள். பாதிக் கட்டுப்பாடு 1982-ல் போனது. மீதி 1989-ல் போனது. அதுவரை சாதாரணக் குடும்பத்துக்குக் கான்கிரீட் கூரை என்பது தூரத்துப் பச்சை.

கட்டுப்பாடு தளர்ந்த அதே சமயத்தில்தான் திருப்பூர் பனியன் கடல் தாண்ட ஆரம்பித்தது. தென் மாவட்டங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். தங்க இடம்? காலி இடம் வைத்திருந்தவர்கள் வரிசையாக அறை கட்டி சிமெண்ட் சீட் போட்டார்கள். லைன் வீடு! ஒரு வகையில் இதுவும் பழைய அண்டாக் கணக்குதான். முதல் இரண்டு அறையின் அட்வான்ஸில் மூன்றாவது அறை, அதன் வாடகையில் சொந்த வீட்டுக்கு டைல்ஸ் என்று படிப்படியாக ஏறியவர்கள் உண்டு. (அந்தச் சீட்டுக்கு அடியில் சித்திரை வெயிலில் படுத்தவர்களைக் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும். அந்தக் கணக்கு எந்தப் பட்ஜெட்டிலும் ஏறவில்லை.)

இதற்குள் சமையல்கட்டும் மாறிவிட்டது. பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும், புளி போட்டுத் தேய்க்க வேண்டும். எவர்சில்வருக்கு இரண்டும் வேண்டாம். அனுப்பர்பாளையமும் எவர்சில்வர் தட்டக் கற்றுக்கொண்டது. பெண்களின் கைவலி குறைந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எவர்சில்வர் குடத்தை அடகுக் கடைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், சிரிப்பார்கள். வீட்டின் நடுக்கூடத்தில் இருந்த சின்ன வங்கி சத்தமில்லாமல் மூடப்பட்டது. வெளியே பெரிய வங்கிகள் வீட்டுக் கடனோடு காத்திருந்தன. வீட்டுக் கடனுக்காகவே 1977-ல் ஹெச்.டி.எஃப்.சி. தொடங்கப்பட்டது. அண்டாவின் எடை போய், சம்பளச் சீட்டின் எடை வந்தது.

இனிமேல் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பலருக்குக் கையைக் கடிக்கிற இடம் இதுதான்.

'ஓட்டைப் பிரிச்சுட்டு மோல்டு போட்டுரலாம், கூரை மட்டும்தானே' என்று ஆரம்பிப்பார்கள். அதே பத்துக்கு இருபது அறைக்கு நாலரை அங்குல கான்கிரீட் என்றால் 75 கன அடி. அதன் எடை ஏறக்குறைய ஐந்து டன்! சீமை ஓடோ, 340 ஓட்டையும் சேர்த்தால் ஒரு டன்னைத் தொடாது. மண் சாந்தில் கட்டிய தாத்தா காலத்துச் சுவர் ஒரு டன்னுக்குப் பழகியது. அதன் தலையில் ஐந்து டன்னை வைக்க எந்த நல்ல கொத்தனாரும் சம்மதிக்க மாட்டார். அப்புறம்? சுவரை இடி. சுவர் போனால் அஸ்திவாரத்தைப் பார். கதவு நிலை புதுசு, வயரிங் புதுசு. கூரைக்காக வாங்கிய கடன் அஸ்திவாரத்திலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது கடன் வட்டிக்கு வெளியே வாங்கியதாக இருக்கும். பூசாத சுவரோடு வருஷக்கணக்கில் நிற்கும் வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் எத்தனையோ, 'கூரை மட்டும்' என்று தொடங்கியவை.

அப்படியானால் ஓட்டு வீட்டிலேயே கிடக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர் லாரி பேக்கர்.

பர்மிங்ஹாமில் பிறந்து கட்டடக்கலை படித்தவர். இரண்டாம் உலகப்போர்ச் சமயத்தில் சீனாவில் மருத்துவச் சேவை செய்துவிட்டு, ஊர் திரும்பக் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். நல்ல கிராமத்து வீடு ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளாலேயே கட்டப்பட வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். அது பேக்கரைப் பிடித்துக்கொண்டது. 1945-ல் இந்தியா வந்து, டாக்டரான கேரளப் பெண்ணை மணந்து, இமயமலை அடிவாரத்துப் பித்தோராகட்டில் பல வருஷம் இருந்தார். தான் படித்த புத்தகத்தைவிட அந்த ஊர் மேஸ்திரிகளுக்கு அதிகம் தெரிந்திருப்பதை அங்கேதான் கண்டுகொண்டார். பிறகு திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் இறக்கும்வரை சிக்கனக் கட்டடமே வாழ்க்கை. உள்ளூரில் இருக்கும் சி.டி.எஸ். ஆராய்ச்சி மையம் அவர் கட்டியது.

இடிக்கிற வீடுகளில் பழைய கதவு, ஜன்னல் தேடி வாங்குவார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு, 'எலிப்பொறி' முறையில் சுவர் எழுப்புவார். செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், வெயிலும் உள்ளே வராது. நம் விஷயத்துக்கு வேண்டியது அவர் பிரபலப்படுத்திய கூரை. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். கம்பிகளுக்கு இடையில் இருக்கும் கான்கிரீட் அங்கே பெரும்பாலும் சும்மா கனத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் எதை வைத்து நிரப்பினார் தெரியுமா? கழற்றிப் போட்ட பழைய சீமை ஓடு! இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தால் நடுவில் காற்று நிற்கும். அறைக்குள் வெக்கை குறையும். கான்கிரீட்டும் கம்பியும் மிச்சம், கனமும் குறையும். கம்பி எங்கே, ஓடு எங்கே என்பதை மட்டும் இன்ஜினீயர் வரைந்து கொடுக்க வேண்டும். கொத்தனாரின் கைக்கணக்குக்கு விடாதீர்கள்.

ஐந்து டன் குறையும் என்றாலும் மண் சுவர் தாங்கிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். முதலில் சுவரைக் காட்டுங்கள். சுவர் தாங்காது என்றால், ஓட்டைப் பிரித்து, செல்லரித்த ரீப்பரை மட்டும் மாற்றி, அதே ஓட்டைத் திரும்ப மேய்வது எத்தனையோ மடங்கு மலிவு. மிச்சப் பணத்தில் கழிப்பறை கட்டலாம், தரை போடலாம். பெயின்ட் கடைசியில்; நம்மவர்கள் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்!

எந்த வழியானாலும், பிரிக்கிற அன்றைக்கு மேஸ்திரிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஓட்டை லாரியில் தூக்கிப் போட விடாதீர்கள். அடிப்பக்கம் புரட்டிப் பார்த்தால் சிலவற்றில் 1865 என்று அச்சாகியிருக்கும். உடனே 'எங்க வீட்டுக்கு நூத்தம்பது வயசு' என்று ஊரைக் கூட்டிவிட வேண்டாம். அது மங்களூர் கம்பெனி ஆரம்பித்த வருஷம்.

அப்புறம் ஒவ்வொரு ஓட்டையும் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்ல ஓடு, தனியாக அடுக்குங்கள். டொக் என்றால் உள்ளே விரிசல். பழைய பாத்திரம் வாங்க வந்தவர் உங்கள் பாட்டியின் அண்டாவையும் இப்படித்தான் தட்டிப் பார்த்தார்.