வெளியூரிலிருந்து மின்னஞ்சல் போன கதை

தபால் பெட்டியில் கடிதம் போடும்போது, உறையில் அனுப்புநர் என்று எழுதியிருப்பது நம் பெயர்தானா என்று யாரும் கேட்பதில்லை. மின்னஞ்சலும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது.

கணினிகளுக்கிடையே அஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதினார். அனுப்புபவர் யாரென்று சோதிக்க அதில் வழியில்லை. அன்று வலைப்பின்னலில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். யார் கொடுத்த கடிதத்தையும் எந்த சர்வரும் வாங்கி, உரிய இடத்துக்கு அனுப்பி வைத்தது.

நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. முதலில் இணைப்பு பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. டெலிபோன் வழியே டயல் செய்து, மோடம் போடும் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக் காத்திருந்தது பலருக்கு நினைவிருக்கும்.

அந்த ஆண்டுகளில் விளம்பரக் குப்பை அஞ்சல்களும் பெருகின. அடுத்தவர் சர்வரில் நுழைந்து, லட்சக்கணக்கில் அனுப்பிவிட்டுப் போனார்கள். சர்வர்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். தங்கள் இணைப்பில் வருபவரின் கடிதத்தை மட்டும் வாங்கினார்கள்.

அடி விழுந்தது ஊர் ஊராகப் போகிறவருக்கு. சென்னை நிறுவனத்தில் கணக்கு வைத்திருக்கும் பட்டு வியாபாரி ஒருவர் பெங்களூருக்குப் போய், வேறு கம்பெனியின் இணைப்பில் கணினியைத் திறக்கிறார் என்று வையுங்கள். பாஸ்வேர்டு கொடுத்தால் வந்த கடிதங்களைப் படிக்கலாம். பதில் அனுப்பினால் சர்வர் திருப்பிவிடும். ஆள் அதே ஆள்தான், வந்த வழி வேறு.

இதற்குச் சில மாற்றுவழிகள் இருந்தன. முதலில் உங்கள் கடிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த சில நிமிடங்களுக்கு அனுப்ப விடுகிறோம் என்றன சில சர்வர்கள். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996இல் தொடங்கிய ஹாட்மெயிலில் எந்த ஊரிலிருந்தும் பிரவுசரில் நுழைந்து எழுத முடிந்தது. அது வேகமாகப் பரவியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

சரியான தீர்வு பிறகு வந்தது. 1998 டிசம்பரில், பயனர்கள் அஞ்சலை ஒப்படைக்க 587 என்ற தனி வாசல் வகுக்கப்பட்டது. 1999 மார்ச்சில், அனுப்பும்போதும் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும் முறையை ஜான் மையர்ஸ் எழுதினார். வழியில் யாரும் பாஸ்வேர்டைப் படித்துவிடாதபடி மறையாக்கமும் சேர்ந்துகொண்டது. இனி எந்த ஊர், எந்த இணைப்பு என்பது பொருட்டில்லை.

சொந்த ஊரில் நம் முகமே போதும். வெளியூரில் நாம் இன்னார் என்று காட்ட வேண்டியிருக்கிறது. முன்பு வந்த வழியைப் பார்த்து நம்பிய சர்வர், இப்போது ஆளைப் பார்த்து நம்புகிறது. ஆனால் அது பார்ப்பது நம் முகத்தை அல்ல, பாஸ்வேர்டை. அது வேறொருவர் கையில் கிடைத்தால், அவர் எழுதுவதும் நம் கடிதமாகவே போய்ச் சேரும். அதனால்தான் சொல்கிறேன்: போனில் யார் கேட்டாலும், எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும், பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள். அது உங்கள் கையெழுத்து.