சேத்துப்பட்டிலிருந்து கதவைத் தட்டியவர்கள்

காசநோய் முதல் மருந்திலேயே நமக்குப் பாடம் எடுத்துவிட்டது. 1947இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு வெறும் ஓய்வும் கொடுத்துப் பார்த்தது. ஆறு மாதத்தில் மருந்து எடுத்தவர்களில் 4 பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் 14 பேர். பிரமாதம்தான். ஆனால் ஐந்து வருடம் கழித்து எண்ணினால் 32, 35. மருந்துக்கு மசியாத கொஞ்சம் கிருமிகள் தப்பித்துப் பெருகிவிட்டன.

அதனால்தான் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒன்றுக்கு மசியாத கிருமியை மற்றது கொல்லும். இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் விழாது என்று நாங்கள் நம்புவோமே, அதே கணக்கு. ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு இன்னொன்றைத் தூக்கிப் போட்டால் கணக்கு உடைந்துவிடும்.

1956இல் மெட்ராஸ் சேத்துப்பட்டில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கியது. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. ஐசோனியாசிட், பிஏஎஸ் என்று இரண்டு மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்கு சாப்பாடு மோசம், இடம் நெருக்கடி, ஓய்வும் குறைவு. அப்படியும் அவர்கள் சானடோரியக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட சமமாகத் தேறினார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை.

1959இல் முடிவு வந்ததும் உலகம் எடுத்துக்கொண்டது ஒரே வரியை: படுக்கை வேண்டாம், வெளிநோயாளியாகவே பார்த்துக்கொள்ளலாம். மலிவான வரி இல்லையா, எல்லா அரசாங்கத்துக்கும் பிடித்தது. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஆய்வின் இன்னொரு பாதி. நோயாளி வாரம் ஒருமுறை வந்து மருந்து வாங்கிப் போவார். நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே ஆள் வரும். மிச்ச மாத்திரையை எண்ணும், சிறுநீர் வாங்கிப்போய் பிஏஎஸ் தெரிகிறதா என்று பார்க்கும். அந்த மருந்து வாயில் வைக்க முடியாத ரகம், அவ்வளவு எளிதில் யாரும் விழுங்கமாட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க முடிந்தது இந்த ஆட்களால்தான்.

இப்போது வேகம் வேறு. ஜீன் பரிசோதனை இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் எடுபடுமா என்று சொல்லிவிடும். எடுபடாது என்றால் சிறப்பு மையத்துக்கு அனுப்பவேண்டும். என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, "அங்க போய்க் காட்டுங்க" என்றார்கள். நாற்பது கிலோமீட்டர். கூலி வேலை, பஸ், யாரைப் பார்ப்பது என்ற குழப்பம். போய்ச் சேர்ந்தபோது 19 நாள் ஆகியிருந்தது. அதுவரை பழைய மாத்திரைகளையே ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரிஃபாம்பிசினும் அதில் ஒன்று. அந்த 19 நாளில் யாரும் கதவைத் தட்டவில்லை, ஒரு போன்கூட வரவில்லை.