நோன்யா பீங்கான்: கல்யாண வீட்டுக்கு மட்டும் பூத்த பியோனி

மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் பாபா நோன்யா குடும்பங்களுக்காகச் சீனாவின் ஜிங்டெசென் சூளைகளில் தயாரான வண்ணப் பாத்திரங்களே நோன்யா பீங்கான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவை ஏராளமாகக் கப்பலேறி வந்தன.

இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறங்களில் பியோனி மலரும் பீனிக்ஸ் பறவையும் நிறைந்திருக்கும். பியோனி செல்வத்தின் அடையாளம். அதனால் கல்யாணம், பிறந்தநாள் என்றால்தான் இவை அலமாரியை விட்டு வெளியே வரும். அன்றாடச் சோற்றுக்கு நீல வெள்ளைக் கிண்ணம்தான். துக்க வீட்டிலும் அதுவே. மூடியின் உச்சியில் சிங்கம் அமர்ந்திருக்கும் 'கம்செங்' ஜாடி தனி அழகு.

சுட்ட பீங்கானின் மெருகுக்கு மேல் வண்ணம் தீட்டி, குறைந்த சூட்டில் மீண்டும் சுடுவார்கள். ஆகவே பூ விரலில் தட்டுப்படும். புழங்கப் புழங்கத் தேயும். இப்போது நகல்களும் விற்பனைக்கு வருகின்றன. கீறலே இல்லாமல் பளபளக்கும் 'நூறு வருஷத்து' ஜாடிக்கு விலை பேசுமுன், சிங்கப்பூர் பெரனாக்கான் அருங்காட்சியகத்தில் அசலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.